குப்பை உயரும், கோபுரம் தாழும்

(வேளச்சேரியில் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்ட மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட் தம்பி, சுண்டலுக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, வணக்கம். ஐயா போன வருஷம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார், இந்த வருஷம் கதர்த் துண்டு. துண்டில் முகமாவது துடைக்கலாம், ரொம்ப நன்றி ஐயா. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் செயலாளரைக் கேளுங்கள். சீட்டு எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

'பூமிக்குப் பாரமில்லாத குடும்பம்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். பாரமில்லாமலெல்லாம் இல்லை. வீட்டில் நான்கு பேர், ஓர் அறையில் ஏசி, இரண்டு ஸ்கூட்டர், தினம் இரண்டு பால் பாக்கெட். பாரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறோம், அவ்வளவுதான். குப்பை, தண்ணீர், மின்சாரம் என்று மூன்று பகுதியாகப் பேசக் குறித்து வந்திருக்கிறேன்.

குப்பை உயரும், கோபுரம் தாழும் என்று என் பாட்டி அடிக்கடி சொல்வாள். ஏழை பணக்காரனாவதையும், பணக்காரன் ஏழையாவதையும் மனதில் வைத்துச் சொன்னது. பெருங்குடிக் குப்பைக் கிடங்குப் பக்கம் போனால் அதற்கு வேறு அர்த்தம் தெரிகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பல பத்தாண்டுகளாகக் கொட்டிய குப்பை அது. மிச்சமிருந்த சதுப்புக்கு 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதே வருஷம் ஏப்ரல் கடைசியில் கிடங்கு தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமிய நாட்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது என் மருமகள் கேட்டாள்: "மாமா, இதுல நம்ம வீட்டு வாழைப்பழத் தோல் எவ்வளவு இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நகரத்துக் குப்பையில் ஏறக்குறையப் பாதி, சமையலறைக் கழிவு மாதிரி மக்கும் குப்பைதான். காற்றுப் புகாமல் புதைந்து அழுகினால் அதிலிருந்து மீத்தேன் வரும், மீத்தேன் எரியும். வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று 2016-லேயே விதி போட்டாகிவிட்டது. விதி வந்து இத்தனை வருஷம் ஆகிறது, நம் சமையலறையில் இன்னும் ஒரே வாளிதான்.

சரி, வாங்கினோம் ஒரு மண்பானை. பக்கவாட்டில் ஓட்டை போட்டு பால்கனியில் வைத்தோம். காய்கறித் தோல், காபித் தூள், புளிச்சக்கை எல்லாம் உள்ளே போனது. சித்திரை மாதம் வேறு, ஒரு முழுத் தர்பூசணியின் தோலையும் போட்டேன். மூன்றாம் நாள் பானைக்குள் வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. என் மனைவி பால்கனிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். ஐந்தாம் நாள் காலை அழைப்பு மணி. கீழ்வீட்டு மாமி நிற்கிறார், கையில் ஒரு தாம்பாளம். அதில் கூழ் வற்றல், வற்றல் மேலே பழுப்பாகச் சொட்டுச் சொட்டாகக் கறை. "உங்காத்து ரசம் எங்காத்து வத்தல்ல சொட்டறதே, கொஞ்சம் பாக்கக் கூடாதா?" என்றார். ரசம் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "ஆமாம் மாமி, ரசம்தான்" என்றேன். பக்கத்தில் நின்ற பேரன் தாம்பாளத்தை மோந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இது குப்பைத் தண்ணி" என்றான். (சிரிக்காதீர்கள், மாமி நான்காவது வரிசையில் இருக்கிறார்.) புதிதாக இரண்டு படி அரிசிக்குக் கூழ் கிளறிப் பிழிந்து கொடுத்தோம். என் கட்டைவிரலில் இன்னும் காய்ப்பு இருக்கிறது.

எங்கே தப்பு? அந்த மாமியே சொன்னார்: "சருகு போட்டேளோ?" போடவில்லை. ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை போட வேண்டும். சருகு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நடுவில் காற்று போக இடம் விடும். அதற்குப் பிறகு நாற்றமும் இல்லை, ஒழுகலும் இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் பானையில் கறுப்பு மண், மழை பெய்த மண் வாசனை.

இனி நான் பேச வந்த விஷயம். சருகுக்கு எங்கே போவது? நம் பூங்காவில் தூங்குமூஞ்சி மரமும் புங்கையும் பாதாமும் தினம் கொட்டுகின்றன. கூட்டுகிறோம், மூட்டை கட்டுகிறோம், லாரியில் ஏற்றுகிறோம். சில நாள் தெருமுனையில் கொளுத்தியும் விடுகிறோம். குப்பை உயரும் என்று பாட்டி சொன்னதை நாமே மூட்டை கட்டி நடத்திக் காட்டுகிறோம். கேட்பது ஒன்றுதான்: பூங்காவின் தென்மூலையில், உடைந்த சறுக்குமரம் கிடக்கிற இடத்தில், கம்பிவலையால் ஒரு சருகுக் கூண்டு. நாலு மூங்கில் கழி, கொஞ்சம் வலை. வேண்டியவர்கள் பையில் அள்ளிக்கொண்டு போகட்டும். மஞ்சப்பைக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும். பாவம், எல்லார் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் சும்மா தொங்குகிறது.

தண்ணீர். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது, அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம். மழைநீர்த் தொட்டி மூடியை ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை திறந்து பாருங்கள். மின்சாரத்துக்குச் செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அடுத்த வருஷம் பார்ப்போம்.

சருகுக் கூண்டுக்கான மனு முதல் வரிசையிலிருந்து வருகிறது. மாமன்ற உறுப்பினர் அம்மா கிளம்புவதற்குள் அவர் கையில் சேர வேண்டும். பேனா ஒன்றுதான் இருக்கிறது, பின்னால் தள்ளுங்கள். மாமி, நீங்கள் முதலில் போடுங்கள்.