உர்ஹோ டிவி ஏன் நிலைக்கவில்லை? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். பின்லாந்தின் டாம்பரே நகரில் படிக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கே முன்பு உர்ஹோ டிவி என்று ஒரு கட்டண விளையாட்டுச் சேனல் இருந்ததாம். ஊரே ஐஸ் ஹாக்கிக்கு உயிரை விடுகிறது. அப்படியிருந்தும் அது ஏன் நிலைக்கவில்லை? உலகச் சாம்பியன்ஷிப் மட்டும் எப்படி இலவசமாக வருகிறது?"

முதலில் அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. பின்னிஷ் மொழியில் 'உர்ஹோ' என்றால் வீரன். விளையாட்டைக் குறிக்கும் 'உர்ஹெய்லு' என்ற சொல்லே அதிலிருந்து பிறந்ததுதான். நாமும் ஆடுகிறவரை 'விளையாட்டு வீரர்' என்றுதானே அழைக்கிறோம்! ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். உர்ஹோ அங்கே ஆண்களுக்கு வைக்கும் பெயரும்கூட. 1956 முதல் 1982 வரை குடியரசுத் தலைவராக இருந்த உர்ஹோ கெக்கோனன், 1924-இல் உயரம் தாண்டுதலில் தேசியச் சாம்பியன். விளையாட்டுச் சேனலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

இனிச் சேனலின் கதை. 2007 செப்டம்பர் 1 அன்று பின்லாந்தில் ஆன்டெனா வழியாக வந்த பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றது. வீட்டுக்கு வீடு டிஜிட்டல் பெட்டி வந்தது. கட்டணச் சேனல் பார்க்கிறவர்கள் அந்தப் பெட்டியில் ஓர் அட்டையைச் செருகுவார்கள். அட்டை உள்ளே இருக்கும்வரை ஆட்டம் தெரியும். உருவினால் திரை கறுத்துவிடும். கூரையில் இருக்கும் சாதாரண ஆன்டெனாவை வைத்தே பார்வையாளரிடம் காசு வாங்க முடியும் என்ற நிலை அப்படித்தான் உருவானது. உர்ஹோ டிவி அந்தக் காலத்துச் சேனல். அதன் பெரிய சரக்கு எஸ்எம்-லீகா, அதாவது நாட்டின் முதல்நிலை ஐஸ் ஹாக்கித் தொடர்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று வெறும் 'லீகா' என்று அழைக்கப்படும் அந்தத் தொடரில் 16 அணிகள், அணிக்கு 60 லீக் ஆட்டங்கள். மொத்தம் 480. ஒரே மாலையில் எட்டு அரங்குகளில் ஆட்டம் நடக்கலாம். எந்த இலவசச் சேனலும் இதைத் தாங்காது. செய்திக்கும் நாடகத்துக்கும் இடம் எங்கே? ஆகவே கட்டணச் சேனல் தேவைப்படுகிறது. ஆனால் பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். ஓர் அரங்கில் கேமராக்களை நிறுத்தி, வர்ணனையாளரை உட்காரவைக்கும் செலவு மக்கள்தொகையைப் பார்த்துக் குறையாது. பின்னிஷ் வர்ணனையை எல்லை தாண்டி விற்கவும் முடியாது. பக்கத்து ஸ்வீடனில் அதைக் காசு கொடுத்துக் கேட்க எத்தனை பேர் இருப்பார்கள்?

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ரசிகர் சேனலுக்காகச் சந்தா கட்டவில்லை, தன் அணிக்காகக் கட்டுகிறார். ஒளிபரப்பு உரிமையோ சேனலின் சொந்தச் சொத்து இல்லை, சில ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுத்தது. தவணை முடிந்து வேறொருவர் அதிக விலை கொடுத்தால் ஆட்டம் அங்கே போய்விடும். ரசிகரும் பின்னாலேயே போய்விடுவார். உர்ஹோவுக்குப் பிறகு அந்தத் தொடர் நெலொனன் என்ற தொலைக்காட்சிக் குழுமத்துக்குப் போனது, 2018-இல் தெலியா என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குப் போனது. கைபேசி இணைப்பும் பிராட்பேண்டும் விற்கிறவருக்கு ஆட்டத்தில் நேராக லாபம் வராவிட்டாலும், வாடிக்கையாளர் விலகாமல் இருந்தாலே பயன்தான். ஆட்டத்தை மட்டுமே நம்பியிருந்த சிறிய சேனலுக்கு அப்படியொரு தாங்கு தூண் கிடையாது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் புதுச் சந்தா, புதுச் செயலி என்று அலைய வேண்டிய வயதான ரசிகர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் ஓர் அணியோடு வாழ்ந்தவரை ஓர் ஒப்பந்தம் வெளியே நிறுத்திவிடக் கூடாது.

உலகச் சாம்பியன்ஷிப்புக்கு வருகிறேன். சமுதாயத்துக்கு முக்கியமான நிகழ்ச்சிகள் என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றை இலவசத் தொலைக்காட்சியில் காட்ட வேண்டும் என்று விதிக்க ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு வழி செய்திருக்கிறது. பின்லாந்து தன் பட்டியலில் ஒலிம்பிக்கோடு ஆண்கள் ஐஸ் ஹாக்கி உலகச் சாம்பியன்ஷிப்பையும் சேர்த்தது. எவ்வளவு சரியான முடிவு! 1995-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனையே 4-1 என்று வென்று முதன்முறை தங்கம் எடுத்தபோது ஹெல்சின்கியின் சந்தைச் சதுக்கத்தில் கூட்டம் அலைமோதியது. 2022-இல் கனடாவைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்றது உங்கள் டாம்பரேயிலேயே. அப்படிப்பட்ட இரவில் அட்டை இருக்கிற வீடு, இல்லாத வீடு என்ற பிரிவு இருக்கலாமா?

சகோதரி, லீகாவுக்கு இப்போதே சந்தா கட்ட வேண்டியதில்லை. ஸ்கோர் தெரிந்தால் போதும் என்றால், பின்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான யூலேயின் டெக்ஸ்ட் டிவி இருக்கிறது, அதாவது செய்தியை எழுத்தாக மட்டும் திரையில் காட்டும் சேவை. அது 1981-இல் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. கறுப்புத் திரையில் கட்டம் கட்டமான வண்ண எழுத்துகள், அணிகளின் பெயர், இரண்டு எண்கள், அவ்வளவுதான். உங்கள் ஊரிலேயே இரண்டு அணிகள் இருக்கின்றன: தப்பரா என்றால் போர்க்கோடரி, இல்வெஸ் என்றால் காட்டுப்பூனை இனத்து லின்க்ஸ். அவை மோதும் மாலையில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எண் மாறுவதற்காகக் காத்திருந்து பாருங்கள். மாணவர் சலுகை இருக்கிறதா என்று கேட்டு ஒரு முறை அரங்குக்கும் போய்வாருங்கள். எந்த அணிப் பக்கம் உட்கார்ந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.