தையல் அறையும் வேலூர் டாக்டரம்மாவும்

வணக்கம். மாற்றங்கள் வரும்போது துணிவோடும் நம்பிக்கையோடும் மற்றவர்களை வழிநடத்துவது பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்படி ஒரு காலம் என் பணியிலும் வந்தது. நான் வழிநடத்தவில்லை, முரண்டு பிடித்தேன். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். முதலில் வேலூருக்குப் போய்விட்டு வரலாம்.

வேலூர் சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும் தெருவுக்கு ஐடா ஸ்கடர் ரோடு என்று பெயர். விடியற்காலையில் போனால் லாட்ஜ் பலகைகளில் தமிழோடு வங்காளமும் இந்தியும் தெரியும். எங்கிருந்தோ ரயிலேறி வந்தவர்கள், மடியில் எக்ஸ்ரே உறையை வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தெருப்பெயருக்கு உரிய டாக்டரம்மாவைப் பற்றி நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, அமெரிக்க மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த அந்த இளம்பெண்ணைக் கூப்பிட்டார்கள். மூன்று வீட்டிலும் பிரசவம் சிக்கல். எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அமெரிக்கா திரும்பி சொகுசாக வாழ நினைத்திருந்தவர், டாக்டருக்குப் படிக்கப் போனார். 1899-இல் பட்டம், 1900-இல் வேலூர்.

இந்தக் கதையை நான் பள்ளிக்கூடக் கூட்டங்களில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உருக்கமான கதைதான். ஆனால் இன்று பேச வந்தது அதற்கு நாற்பது வருடங்களுக்கு அப்புறம் நடந்ததைப் பற்றி. அதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

இடையில் நடந்ததை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1902-இல் பெண்களுக்கான ஆஸ்பத்திரி வந்தது. 1909-இல் ஒரு பெஜோ காரில் குடியாத்தம் சாலையில் மரத்தடிக்கு மரத்தடி நின்று வைத்தியம் தொடங்கியது. 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி. எல்.எம்.பி. என்ற பட்டயப் படிப்பு. பழைய தலைமுறைக்கு ‘எல்.எம்.பி. டாக்டர்’ என்றால் புரியும். எந்தப் பெண் இந்தப் படிப்புக்கு வரப்போகிறாள் என்று சென்னையில் இருந்த மேலதிகாரி நினைத்தார். 151 விண்ணப்பங்கள் வந்தன. முதல் தேர்வில், மாகாணத்து ஆண்கள் பள்ளிகளில் ஐந்துக்கு ஒருவர் தேறியபோது, வேலூர்ப் பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள்.

இப்போது 1938 வாக்கில் நிற்கிறோம். டாக்டரம்மாவுக்கு அறுபத்தேழு, அறுபத்தெட்டு வயது. சென்னை மாகாண அரசு ஒரு முடிவெடுக்கிறது. எல்.எம்.பி. படிப்பு இனி இல்லை, டாக்டர் ஆவதென்றால் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். பட்டம்தான். அதைத் தரும் அளவுக்கு உயராத பள்ளி முதலாண்டில் ஆள் சேர்க்கக் கூடாது.

அந்த முடிவு தவறு என்று நான் சொல்லமாட்டேன். டாக்டரில் ஒரு தரம், இரண்டாம் தரம் என்று இருக்கக் கூடாது என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் வேலூருக்கு அது இடி. பட்டப் படிப்பு நடத்த உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும், கூடுதல் படுக்கைகள் வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும். முதலாண்டு வகுப்பு காலியாகக் கிடக்கிறது. மேல் வகுப்பு மாணவிகள் ஒவ்வொரு வருடமும் முடித்துப் போகப் போக, பள்ளி தானாகத் தேய்ந்து மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் கணக்கு.

இதில் இன்னொரு முடிச்சும் விழுந்தது. மிஷன்கள் எல்லாம் சேர்ந்தாலும் இந்தியாவில் இப்படி ஒரே ஒரு கல்லூரியைத்தான் தாங்க முடியும், அதனால் அது ஆண், பெண் இருவருக்குமானதாக இருக்கட்டும் என்று ஒரு யோசனை வந்தது. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூன்று பெண்கள் செத்ததால் பிறந்த பள்ளி அது. பெண்களுக்கு என்று சொல்லித்தான் அமெரிக்காவில் பெண்களிடம் பணம் கேட்டு வாங்கினார்கள். அப்படித் திரட்டித் தந்தவர்களில் முக்கியமானவர் லூசி பீபடி. ஆண்களைச் சேர்ப்பதற்கு அவர் ஒப்பவில்லை. அவரிடமும் நியாயம் இருந்தது. ஆண்கள் உள்ளே வந்தால் பெண்களுக்கான இடம் சுருங்கும், மகள்களை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். நானாக இருந்தால் பீபடி அம்மாள் பக்கம்தான் நின்றிருப்பேன்.

டாக்டரம்மாவும் எளிதில் ஒப்பியவரில்லை. கடைசியில் இருபாலர் கல்லூரி என்ற முடிவுக்கு வந்தார். பழைய தோழிகள் சிலர் விலகிப் போனார்கள். 1941-இல், எழுபது வயதில், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, கப்பலேறி அமெரிக்கா போய், ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். இங்கே வேலூரில் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் முதல்வர் பொறுப்பை ஏற்று வேலையை முடுக்கினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947-இல் ஆண் மாணவர்கள் வந்தார்கள்.

வெளியே இருப்பதை மாற்றுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். இளம்வயதில் அது நிறையப் பேருக்கு இருக்கும். நாமே கல் சுமந்து கட்டிய ஒன்றை இன்னொருவர் வந்து மாற்று என்கிறபோது வேண்டியிருக்கும் துணிச்சல் வேறு. டாக்டரம்மா தினமும் ஜெபிக்கிறவர். கடவுள் கைவிடமாட்டார் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு, நான் தொடங்கியது தொடங்கியபடியே இருக்க வேண்டும் என்று அடம்பிடித்திருக்கலாம். பக்தியுள்ளவர்கள் அப்படிப் பிடிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் பெண்களுக்கு மட்டும் என்ற மதிலை விட்டுக்கொடுத்தார், உள்ளே நடந்த வேலையை விடவில்லை.

சரி, என் கதை. நான் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியை. பக்கத்து ஆண்கள் பள்ளியையும் எங்களையும் ஒன்றாக இணைக்கிறோம் என்று கடிதம் வந்தது. மூன்று மாதம் மனு மேல் மனு எழுதினேன். ஆசிரியைகள் வந்து, “அடுத்த வருஷம் டைம் டேபிள் எப்படி டீச்சர்?” என்று கேட்பார்கள். “அதெல்லாம் நடக்காது, போங்க” என்பேன். ஒருநாள் எங்கள் தையல் டீச்சர், என்னைவிட வயதில் மூத்தவர், கதவருகே நின்று, “நீங்க கோபமா இருக்கீங்க டீச்சர், சரி. நாங்க பயந்துபோய் இருக்கோம். அதை யார்கிட்ட சொல்றது?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மூன்று மாதமாக நான் என் பள்ளிக்காகச் சண்டை போடுவதாக நினைத்திருந்தேன். அந்தப் பள்ளியில் இருந்த பதினெட்டுப் பேரில் ஒருவரிடம்கூட உட்கார்ந்து பேசியிருக்கவில்லை.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு, எனக்கும் இது பிடிக்கவில்லை, எப்படிப் போகும் என்று எனக்கும் தெரியாது, ஆனால் ஜூன் மாதம் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், கழிப்பறையிலிருந்து தொடங்குவோம் என்றேன். உண்மையில் அங்கேதான் தொடங்கினோம். எத்தனை கதவு, எத்தனை தாழ்ப்பாள், சாவி யாரிடம் என்று கணக்கெடுத்தோம். அந்த வாரம்தான் ஆசிரியைகள் என்னிடம் பழையபடி பேசத் தொடங்கினார்கள்.

ஐடா ஸ்கடர் 1946-இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பிறகு ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநராக அங்கே பொறுப்புக்கு வந்தார். டாக்டரம்மா கொடைக்கானல் வீட்டில் இன்னும் பல வருடம் இருந்து, 1960-இல், 89 வயதில் காலமானார். ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்த அந்தக் கல்லூரியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். தையல் அறை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆறு மிஷின்களில் நான்கை ஒரு மூலைக்கு நகர்த்தி, மீதி இடத்தில் எட்டாம் வகுப்பு பி பிரிவை உட்காரவைத்தோம். டீச்சர் மிஷின் மிதிக்கிற சத்தத்தில் கணக்கு வாத்தியாருக்குப் பாடம் எடுக்க முடியவில்லை என்று வருடம் முழுக்கப் புகார். அதைத் தீர்த்துவைக்கவும் என்னால் முடியவில்லை. வணக்கம்.