டியூட்டி ரூமுக்கு எந்த லேப்டாப்?

நேயர்களுக்கு வணக்கம். போன வாரம் மேலூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். எம்.டி. பொது மருத்துவம் கிடைத்திருக்கிறது, அப்பா நெல் விற்ற காசை எடுத்து வைத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் பெரிய கேமிங் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்கு இருப்பதிலேயே உசத்தியானது வேண்டும் என்கிறார், வாங்கட்டுமா அக்கா என்றான். வேண்டாம் என்றேன்.

மூன்று வருஷம் அதில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று பாருங்கள். கேஸ் பிரசன்டேஷனுக்கு ஸ்லைடு, ஜர்னல் கிளப், வீடியோ வகுப்பு, லாக்புக், எல்லாவற்றுக்கும் மேலே தீசிஸ் என்கிற ஆய்வேடு. இதில் எதற்கும் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்துப் படிக்கச் சாதாரண லேப்டாப்பே போதும், ரிப்போர்ட் கொடுப்பது அதற்கென்று உள்ள மானிட்டரில்தான். ரேடியாலஜி எடுத்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்கேன் படம் பார்க்கும் மென்பொருட்களில் ரேடியன்ட் விண்டோஸில்தான் ஓடும், ஹோரோஸ் மேக்கில்தான் ஓடும்.

நான் முதலில் பார்ப்பது எடையை. கேமிங் லேப்டாப் இரண்டரை கிலோ வரும், அதன் சார்ஜர் தனிக் கனம். ஸ்டெத், புத்தகம், மாற்றுத் துணியோடு அதையும் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கும் வார்டுக்கும் இருபத்து நாலு மணி நேர டியூட்டியில் நடந்து பாருங்கள், இரண்டே மாதத்தில் ரூமிலேயே வைத்துவிட்டு வருவீர்கள். ஒன்றரை கிலோவுக்குள் இருக்கட்டும். டைப்-சி சார்ஜிங் இருக்கட்டும், டியூட்டி ரூமில் இருக்கிற ஒரே பிளக் பாயின்ட்டுக்கு ஆறு பேர் நிற்பார்கள், போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே சார்ஜர் என்றால் எவ்வளவோ நிம்மதி. ராம் 16 ஜி.பி., எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி., போதும்.

காசு இடித்தால் பழையது வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, அதனால் விண்டோஸ் 11 ஏற்கிற மெஷினா என்று கேட்டு வாங்குங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம்.

அப்புறம் தீசிஸ். நான் பி.ஜி. படித்தபோது, ஆய்வில் சேர்ந்த நோயாளிகளின் தகவலை எல்லாம் ஒரே அட்டவணையில் வைக்கும் என் மாஸ்டர் சார்ட்டில் எண்பது பேரை ஏற்றி முடித்திருந்த நேரம், அதிகாலை நாலு மணிக்கு, கீபோர்டில் டீ கொட்டியது. லேப்டாப் அணைந்தது, திரும்ப வரவே இல்லை. வேறெங்கும் நகல் இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் கையால் நிரப்பிய புரொபார்மா தாள்களை ஹாஸ்டல் தரையில் பரப்பி, என்னோடு பி.ஜி. படித்த ஒருத்தி ஒவ்வொன்றாக வாசிக்க, ஹீமோகுளோபின் 8.2, கிரியாட்டினின் 3.1 என்று பதினோரு ராத்திரி மறுபடி அடித்தேன். நடுவில் ஒரு தாள் ஈரத்தில் மை கலங்கி, எண் 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் இரண்டு பேரும் விளக்கடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியில் அந்த நோயாளியை ஆய்விலிருந்தே எடுத்துவிட்டேன். நமக்காகக் கையை நீட்டி ரத்தம் கொடுத்த மனுஷி, அவரது தகவல் என் அஜாக்கிரதையால் வீணாயிற்று.

அதே மரியாதைதான் ரகசியத்துக்கும். சார்ட்டில் நோயாளியின் பெயர், போன் நம்பர் வேண்டாம், வரிசை எண் போதும். எந்த எண் யார் என்கிற பட்டியல் தனியாகப் பூட்டில் இருக்கட்டும். லேப்டாப்பைப் பஸ்ஸில் தொலைத்தாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாதபடி விண்டோஸில் பிட்லாக்கரோ மேக்கில் ஃபைல்வால்ட்டோ போட்டுவிடுங்கள். பிட்லாக்கர் முழுதாக விண்டோஸ் புரோவில்தான் கிடைக்கும், வாங்கும்போதே கேளுங்கள். புள்ளியியலுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை, ஜமோவி இலவசம். மேற்கோள் பட்டியலுக்கு ஸோடெரோ.

தம்பி நேற்று 1.4 கிலோவில் ஒன்று வாங்கிவிட்டான். மிச்சக் காசில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, அதற்கும் பாஸ்வேர்டு போட்டு, மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது நகல் எடுத்து அப்பாவின் பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.