பழைய விண்டோஸை மாற்றும் நாளை நாமே குறிப்போம்

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் கடைகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் கொம்பியூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். காலையில் மத்திய வீதியில் ஒரு கடை, பின்னேரம் உப்புவெளியில் ஒரு விடுதி, அடுத்த நாள் கிண்ணியாவில் ஒரு பாமசி என்று ஓடும். பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

போன மாரியில் ஒரு நாள் காலை ஏழரைக்கு ஹாட்வெயார் கடை முதலாளி ஒருவர் போன் எடுத்தார். "தம்பி, மெஷின் எழும்புதில்லை. ஒருக்கா வந்திட்டுப் போங்கோ." போனேன். விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்த பெட்டி. மூடியைக் கழற்றினால், கடற்காற்றில் திருகாணியெல்லாம் துரு. மதர்போர்டில் சீமெந்துத் தூசி ஒரு படையாகப் படிந்திருந்தது. போர்ட் போய்விட்டது. புதுப் பெட்டி வாங்கலாம். ஆனால் பில் போடும் புரோகிராமை எழுதிக் கொடுத்த தம்பி வெளிநாடு போய்ப் பல வருடம். சீடியும் கையில் இல்லை. மேசன்மாரும் கொந்தராத்துக்காரரும் கடனுக்கு எடுத்த சீமெந்து, கம்பிக் கணக்கு முழுக்க அதற்குள்தான்.

"பென்ட்ரைவில எடுத்து வச்சிருக்கிறன் அண்ணா" என்றார் காசு மேசையில் இருந்த தங்கச்சி. மூன்று வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் எடுத்திருக்கிறார். திறந்து பார்த்தேன். உள்ளே ஒரேயொரு ஃபைல், இரண்டு கேபி. புரோகிராமைத் திறக்கத் திரையில் தட்டுகிற சின்னப் படத்தை, அதாவது ஷோட்கட்டைத்தான் ஒவ்வொரு கிழமையும் பிரதி எடுத்திருந்தார். கணக்கு இருந்த இடம் வேறு. அந்தப் பிள்ளையில் பிழையே இல்லை; அமைத்துக் கொடுத்தவர்கள் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். ஹாட் டிஸ்க் உயிரோடு இருந்ததால் இரண்டு நாளில் கணக்கை மீட்டோம். அந்த இரண்டு நாளும் முதலாளி ஒரு சீஆர் கொப்பியை வைத்துக்கொண்டு, யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று ஞாபகத்தில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பேச்சைப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

விண்டோஸ் 7க்கு மைக்ரோசொப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14. ஆதரவு முடிந்தால் பெட்டி நின்றுவிடாது, வழமைபோல ஓடும். அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. வைரஸ் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கும் அப்டேட் நமக்கு வராது, அவ்வளவுதான். 2017 மே மாதம் வனாக்ரை என்ற வைரஸ் 150 நாடுகள் வரை பரவி, ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்டது. அந்த ஓட்டைக்கான அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்திருந்தது. மாட்டிக்கொண்டவை பெரும்பாலும் அதைப் போடாத விண்டோஸ் 7 பெட்டிகள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பலர் முதலில் புதுப் பெட்டியின் விலையைக் கேட்கிறார்கள். நான் முதலில் ஒரு கொப்பியைக் கேட்பேன். இந்தப் பெட்டியில் காலை முதல் இரவு வரை என்னென்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். பில், ஸ்டொக், சம்பளம், வங்கி, கடிதம், எல்லாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதைச் செய்து கொடுத்தவர் யார், இன்று அவரைப் பிடிக்க முடியுமா என்றும் எழுதுங்கள்.

புரோகிராம்தான் முதல் சிக்கல். இப்போது போடுகிற விண்டோஸ் 11 இல் 64 பிட் வகை மட்டும்தான் உண்டு. மிகப் பழைய 16 பிட் புரோகிராம்கள் அதில் ஓடாது. அப்புறம் பிரிண்டர். பற்றுச்சீட்டு அடிக்கும் பழைய டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரின் அகலமான கேபிளைச் செருக, புதுப் பெட்டிகளில் பெரும்பாலும் இடமே இருக்காது. மூன்றாவது நம் தமிழ். பாமினியில் அடித்த கடிதங்களை, பாமினி எழுத்துரு இல்லாத பெட்டியில் திறந்தால் "அம்மா" என்ற சொல் ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கடிதம் கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். எழுத்துருவைப் போட்டால் தமிழ் திரும்பி வரும். புதிதாக அடிப்பதை, பாமினி இல்லாத பெட்டியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் அடியுங்கள்.

இப்போது பெட்டி. விண்டோஸ் 11க்கு நான்கு ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பது குறைந்தபட்சம். வேலைக்கு எட்டு ஜிபி ரேமும், எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்கும் வேண்டும் என்பேன். புரொசெசர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இல்லை என்று திரையில் வந்தால் உடனே பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். 2018க்குப் பிந்திய பெட்டி பலவற்றில் அது இருக்கும், பெட்டி எழும்பும்போது திறக்கிற பயாஸ் என்ற அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பார்க்கத் தெரிந்தவரிடம் ஒருக்காக் காட்டுங்கள்.

இன்னும் கொஞ்ச நாள் விண்டோஸ் 10 இலேயே இருக்கிறோம் என்றால், நிறுவனங்களுக்கு மூன்று வருடம் வரை காசுக்கு அப்டேட் உண்டு. பெட்டி ஒன்றுக்கு முதல் வருடம் 61 டொலர், பிறகு ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு. மூன்று வருடத்துக்கு 427 டொலர். விண்டோஸ் 11 ஏறாத, ஆனால் விடவும் முடியாத ஒரு பெட்டிக்கு முதல் வருடக் காசைக் கட்டுவதில் நியாயம் இருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கடிதமும் இன்டர்நெட்டும் மட்டும் பாவிக்கிற பழைய பெட்டிக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இலவசம்.

நாள் குறிப்பது உங்கள் கையில். புடவைக் கடைக்காரர் தீபாவளிக்கும் சித்திரைக்கும் முன்னால் பெட்டியைத் தொடக் கூடாது. புத்தகக் கடைக்குப் பாடசாலை தொடங்கும் காலம் ஆகாது. நிலாவெளி விடுதிகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை ஆகாது. மாரியில் ஆள் குறைந்த ஒரு கிழமை பாருங்கள்; கரண்ட் போனாலும் பெட்டி நிற்காமல் இருக்க யுபிஎஸ் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முதல் நாள் பக்அப் எடுத்து, அதை வேறொரு பெட்டியில் திறந்து, நேற்றைய கடைசி பில் தெரிகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

அந்த ஹாட்வெயார் கடையில் மீட்ட கணக்கைப் புது புரோகிராமுக்கு மாற்றினோம். முதல் நாள் நான் தங்கச்சிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருந்தேன். பழைய பழக்கத்தில் அவர் கை எஃப்4க்கே போனது. புதியதில் பில் அடிக்க எஃப்9. பத்து மணிக்குள் ஒரு சின்னக் கடதாசியில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். ஒரு மாதம் பில்லைக் கொப்பியிலும் எழுதினார்கள். பழைய ஹாட் டிஸ்க் ஒரு பொலித்தீன் பையில், திகதி எழுதி, முதலாளியின் அலுமாரியில் இருக்கிறது. இப்போது சனிக்கிழமைகளில் தங்கச்சி பென்ட்ரைவில் எடுத்துவிட்டு, அதை மற்றப் பெட்டியில் திறந்து பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறார்.

நன்றி, வணக்கம்.