எக்ஸ்11-ஆ, வேலேண்டா? பிரச்சினை வேகம் இல்ல

வணக்கம் மக்களே. லினக்ஸ் டெஸ்க்டாப்புல விண்டோக்களை ஸ்க்ரீன்ல காட்டி, கீபோர்டுல தட்டுறதை அதுங்களுக்குக் கொண்டுபோய்ச் சேக்குறதுக்கு ரெண்டு முறை இருக்கு: பழைய எக்ஸ்11, புது வேலேண்ட். எது நல்லதுனு பேச்சு வந்தாலே, எது வேகம்னுதான் முதல்ல அடிச்சுக்கிறாங்க. எனக்கு அது முக்கியமாவே படல. உங்க ஸ்க்ரீனும் கீபோர்டும் யார் கையில இருக்கு? இதுக்கு ரெண்டும் நேரெதிரா பதில் சொல்லுது. நல்லது கெட்டது எல்லாமே அங்கேர்ந்துதான் கிளம்புது.

இப்ப ஸ்க்ரீனைப் பாருங்க. இது எக்ஸ்11 செஷன். டெர்மினல்ல, அழுத்துற கீயையெல்லாம் காட்டுற எக்ஸ்இன்புட் கமாண்டை ஓட விட்டிருக்கேன். ரூட், அதாவது அட்மின் பாஸ்வேர்டெல்லாம் கேக்கவே இல்ல. பக்கத்துல பிரவுசரைத் திறந்து, பாஸ்வேர்டு கட்டத்துல டைப் பண்றேன். அங்க புள்ளி புள்ளியாத்தான் தெரியுது. ஆனா டெர்மினலைக் கவனிங்க. ‘ஏ’ தட்டினா 38, ‘எஸ்’ தட்டினா 39, அந்தந்த கீயோட நம்பர். ஒரு கீ விடாம அப்படியே வந்து விழுது!

இது பக் இல்லங்க, டிசைனே இப்படித்தான். எக்ஸ், 1984-ல எம்ஐடியில பிறந்தது. பதினொன்னாவது வெர்ஷன் 1987. ஒரே ஸ்க்ரீன்ல ஓடுற புரோகிராம்கள் ஒண்ணையொண்ணு நம்பலாம்ங்கிற காலம் அது. அந்த நம்பிக்கையால கிடைச்ச வசதியும் சாதாரணமில்ல. எக்ஸ்டுடூல்னு ஒரு டூல், நமக்குப் பதிலா விண்டோவைத் தேடி, கிளிக் பண்ணி, டைப்பும் பண்ணும். ஒரு அப்ளிகேஷன் தன்னோட விண்டோக்களை நேத்து இருந்த அதே இடத்துல கொண்டுவந்து வைக்கும். வேற ஊர்ல இருக்குற மெஷின்ல ஓடுற புரோகிராமோட விண்டோ, எஸ்எஸ்எச்ங்கிற ரிமோட் இணைப்பு வழியா நம்ம ஸ்க்ரீன்ல திறக்கும்.

2008-ல கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் ஆரம்பிச்ச வேலேண்ட், யாரையும் நம்பல. நடுவுல இருந்த எக்ஸ் சர்வரைத் தூக்கிட்டு, எல்லா அதிகாரத்தையும், விண்டோக்களைச் சேத்து ஸ்க்ரீன்ல காட்டுற கம்போசிட்டர் கையில கொடுத்துடுச்சு. எந்த விண்டோவுல ஃபோகஸ் இருக்கோ, அதுக்கு மட்டும்தான் கீ போகும். பழைய எக்ஸ்11 அப்ளிகேஷன்கள், அதுங்களை வேலேண்ட்ல ஓட வைக்கிற எக்ஸ்வேலேண்டுக்குள்ள ஓடுறப்போ தங்களுக்குள்ள இன்னும் எட்டிப் பாத்துக்கலாம், அது தனி. ஆனா வேலேண்ட் விண்டோக்கள் பக்கம் அதுங்களால வர முடியாது. ஃப்ரேம் முழுசா வரைஞ்சு முடிஞ்சப்புறம்தான் ஸ்க்ரீனுக்கே வருது, அதனால படம் நடுவுல கிழிஞ்ச மாதிரி தெரியுற டியரிங் இல்ல. 4கே மானிட்டர் ஒண்ணு, சாதா மானிட்டர் ஒண்ணுனு வெச்சிருக்கீங்களா? ரெண்டுக்கும் வேற வேற ஸ்கேலிங், அதாவது எழுத்து, ஐகான் அளவு, கொடுக்கலாம். எக்ஸ்11-ல அது பெரிய போராட்டம்.

சரி, வேலேண்ட்ல என்ன குறை? அது ஒரு புரோட்டோகால்தான், அதாவது விதிமுறை மட்டும்தான், ரெடியா ஓடுற புரோகிராம் இல்ல. அதை ஜினோம் டெஸ்க்டாப்போட கம்போசிட்டரான மட்டர் தனியா எழுதணும், கேடிஇ டெஸ்க்டாப்போட கேவின் தனியா எழுதணும், மத்தவங்களும் அவங்கவங்க எழுதணும். ஒண்ணுல இருக்குற வசதி இன்னொண்ணுல இருக்காது. விண்டோவால தன் இடத்தைத் தானே தீர்மானிக்க முடியாது. அஞ்சாறு விண்டோ வெச்சு வேலை பாக்குறவங்களுக்கு இது தினம் ஒரு தொல்லை. ஸ்க்ரீன் ஷேரிங்குக்கு, அனுமதி கேக்குற போர்ட்டல், வீடியோவைக் கொண்டுபோற பைப்வயர்னு புது வழியே கட்ட வேண்டியதாச்சு. இப்ப நல்லா ஓடுது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற விஷயம் ஸ்க்ரீன் ரீடர். கண் பார்வை இல்லாதவங்களுக்கு, ஸ்க்ரீன்ல இருக்குறதைப் படிச்சுச் சொல்ற ஓர்காதான் டெஸ்க்டாப். எந்த விண்டோவுல இருந்தாலும் அதோட ஷார்ட்கட் கீ அதுக்குப் போய்ச் சேரணும். வேலேண்ட் அடைச்ச கதவும் அதேதான். ஃபெடோராங்கிற லினக்ஸ் 2016-லயே வேலேண்டை டீஃபால்ட் ஆக்கிடுச்சு. ஓர்கா கீகளுக்குனு ஜினோம் முறையா ஒரு வழி திறந்தது 2025-ல, 48-வது வெர்ஷன்லதான். திருடனுக்குப் பூட்டு போட்டது சரி. வீட்டுக்காரங்க கையில சாவி கொடுக்க இத்தனை வருஷம் ஆகலாமா?

என் முடிவைக் கேட்டா, வேலேண்டோட அடிப்படை சரி. அந்த பாஸ்வேர்டு டெமோவைப் பாத்தப்புறம் எக்ஸ்11-க்கு என்னால வாதாட முடியாது. ஆனா ஜினோம் 49-ல எக்ஸ்11 செஷனையே டீஃபால்ட்டா நிறுத்திட்டாங்க, கேடிஇயும் அதே வழியிலதான் போகுது. அதனால ஸ்க்ரீன் ரீடர், குரல் கட்டுப்பாடு, ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட்னு எதையாவது நம்பி வேலை பாக்குறவங்க, அப்கிரேட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே, இப்ப இருக்குற சிஸ்டத்துல வேலேண்ட் செஷன்ல லாகின் பண்ணி, அந்த டூலை ஓட்டிப் பாத்துடுங்க. ஜினோம்ல லாகின் ஸ்க்ரீன்ல பேரை அழுத்தினதும் கீழ் மூலையில ஒரு பல்சக்கர ஐகான் வரும். செஷன் மாத்துறது அங்கதான்.