எவ்வளவு ஆழம்? ஹவ் டீப்?

வணக்கம் நேயர்களே.

"இந்தக் கிணறு எவ்வளவு ஆழம்?" இதை ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால் பலரும் "ஹவ் மச் டெப்த் திஸ் வெல்?" என்றுதான் தொடங்குகிறோம். ஆழம், உயரம், நீளம் என்று அளவைப் பெயர்ச்சொல்லாகச் சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு. முன்னால் 'எவ்வளவு' போட்டால் போதும், கேள்வி தயார். ஆங்கிலம் அந்த இடத்தில் பெயரடையைக் கேட்கிறது. டெப்த் வேண்டாம், டீப். ஹைட் வேண்டாம், டால். "ஹவ் டீப் இஸ் திஸ் வெல்?"

ஹவ், டீப் இரண்டையும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். "ஹவ் இஸ் திஸ் வெல் டீப்?" என்று இடையில் இஸ் நுழைந்தால், 'இதைப் போய் ஆழம் என்கிறீர்களே, எப்படி?' என்று வாதாடுவதுபோல் ஆகிவிடும்.

மூன்று மாதக் குழந்தைக்கு "ஹவ் ஓல்ட்" சரியா என்று தயங்குவார்கள். தாராளமாகக் கேட்கலாம். ஓல்ட், டால், லாங், வைட் எல்லாம் கேள்வியில் வெறும் அளவுகோல். குள்ளமானவரைப் பற்றியும் "ஹவ் டால்" என்றே கேளுங்கள். "ஹவ் ஷார்ட்" என்றால் குள்ளம் என்று நாமே முடிவுகட்டியதாகும், மனம் புண்படும். ஹாட், கோல்ட் மட்டும் வேறு ரகம். "ஹவ் ஹாட்" என்பது சூடு உண்டு என்று தெரிந்தபின் கேட்பது. டீ ஆறியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கு "இஸ் தி டீ ஹாட்?" போதும். "டஸ் தி டீ ஹாட்?" தவறு, ஹாட் வினைச்சொல் இல்லையே.

பதிலில்தான் பெரிய வழுக்கல். "இட் இஸ் ஃபார்ட்டி ஃபீட் டீப்" சரி. எண், அலகு, கடைசியில் பெயரடை. அதே தைரியத்தில் "ஃபைவ் கிலோமீட்டர்ஸ் ஃபார்" என்று சொல்லிவிடுகிறோம். ஃபார் கேள்வியோடு சரி, பதிலில் "ஃபைவ் கிலோமீட்டர்ஸ் அவே". ஹெவியும் அப்படியே: "ஹவ் ஹெவி இஸ் திஸ் பேக்?" என்று கேட்கலாம், பதில் "இட் வெய்ஸ் டென் கிலோஸ்".

இன்னொன்று. மரியாதையாக "குட் யூ டெல் மீ" என்று ஆரம்பித்தால் இஸ் கடைசிக்குப் போய்விடும்: "குட் யூ டெல் மீ ஹவ் டீப் திஸ் வெல் இஸ்?" அப்போதும் ஹவ், டீப் ஒட்டியேதான் இருக்கின்றன, கவனித்தீர்களா?

இன்றைக்கு ஓர் அளவு நாடாவை எடுத்து வீட்டு மேசை, கதவு, கயிறு மூன்றையும் அளந்து, லாங், ஹை, வைட் போட்டு வாய்விட்டுக் கேளுங்கள்; பதிலையும் நீங்களே சொல்லுங்கள். நன்றி.