வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் மார்க் கூடுமா?

(மார்த்தாண்டம் பக்கம் ஓர் ஊர் நூலகத்தில், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மாரே, தகப்பன்மாரே, பின்வரிசையில் இருக்கும் ஆசிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நீங்கள் கேட்க வந்த கேள்வி ஒன்றுதான்: பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தால் மார்க் கூடுமா? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது என்பதற்காகக் கூடாது. சில வீடுகளில் குறையவும் செய்யும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. ரொமேனியா அரசு 2004-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்க 200 யூரோ கூப்பன். வருமான வரம்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தவர்களுக்குக் கிடைத்தது, கொஞ்சம் மேலே இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த இரண்டு வீடுகளுக்கும் மற்றபடி பெரிய வித்தியாசம் கிடையாது என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் போயிற்று. ஒஃபர் மலமுத், கிறிஸ்டியன் பாப்-எலெச்செஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்து 2011-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கூப்பன் கிடைத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் நன்றாகக் கைவந்தது. பள்ளி மார்க் குறைந்தது. வந்த பெட்டி பெரும்பாலும் கேம் விளையாடத்தான் பயன்பட்டது.

அந்த ஆய்வில் நமக்கு வேண்டிய இடம் வேறு. வீட்டுப்பாடத்துக்குக் கண்டிப்பு வைத்திருந்த வீடுகளில் மார்க் சரிவு தணிந்திருந்தது. "முதலில் ஹோம்வொர்க், பிறகு மற்றது" என்ற ஒரு வரி, நாள் முழுக்க மவுஸைப் பிடுங்கி ஒளித்துவைப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

கலிபோர்னியாவில் 15 பள்ளிகளில், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2013-இல் வந்தது: மார்க் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்காக இயந்திரத்தைத் திட்ட வேண்டாம். டெல்லியில் சில பயிற்சி மையங்களில் பிள்ளைகள் 45 நிமிடம் கணினிப் பயிற்சி, 45 நிமிடம் ஆசிரியர் என்று படித்தபோது, நாலரை மாதத்திலேயே கணக்கில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அந்த மென்பொருள் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புக் கணக்கைத் திணிக்கவில்லை. அவன் உண்மையில் எந்த வகுப்பு நிலையில் நிற்கிறான் என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கியது. பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தார்.

இப்போது நம்மூர் வீட்டுக்கு வருவோம். பிள்ளை நாலரைக்கு பஸ் இறங்குகிறது. டியூஷன் முடிய ஏழு மணி. குளி, சாப்பாடு, ஜெபமோ விளக்கு வைப்போ எல்லாம் போக, ஒன்பதரைக்குப் படுக்கும் பிள்ளைக்குத் தனியாக உட்கார்ந்து படிக்கக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இதில் கம்ப்யூட்டர் முக்கால் மணி நேரத்தை எடுத்தால் பாதி போய்விட்டது. ஆகவே நான் முதலில் பார்க்கச் சொல்வது, அது எந்த நேரத்தை எடுக்கிறது என்பதை. விளையாட்டு நேரத்தில் கேம் ஆடினால் பெரிய நஷ்டமில்லை. படிப்பு நேரத்தில் "படிக்கிறேன்" என்று வீடியோ பார்ப்பதுதான் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்.

ஏன் என்று ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம். 3/4 + 2/5 எவ்வளவு? தடுமாறும் பிள்ளை மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டி 5/9 என்று எழுதும். நோட்டில் அப்படி எழுதியிருந்தால் டீச்சர் பார்த்தவுடன் தவறு எங்கே என்று பிடித்துவிடுவார். முக்காலோடு ஒன்றைக் கூட்டினால் முக்காலைவிடக் கூடத்தானே வேண்டும், 5/9 முக்காலைவிடக் குறைவாக இருக்கிறதே என்று கேட்பார். அந்தக் கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. அதே பிள்ளை கம்ப்யூட்டரில் தட்டினால் 23/20 என்று சரியான விடை உடனே வரும். நோட்டில் 23/20 ஏறும், டீச்சர் சிவப்பு மையில் சரி போடுவார், 5/9 என்ற தவறு பிள்ளையின் தலைக்குள் பத்திரமாக இருக்கும். காலாண்டுத் தேர்வில் வெளியே வரும்.

ஆகவே வழி இதுதான். கணக்கை முதலில் பேப்பரில், பேனாவில், அழிக்காமல் போட்டுப் பார்க்கட்டும். தவறாக இருந்தாலும் விடை என்று ஒன்றை எழுதி அடிக்கோடு போடட்டும். பிறகு வீடியோ பார்க்கலாம், விடையைச் சரிபார்க்கலாம். பார்த்து முடித்ததும் திரையை மூடிவிட்டு, எண்களை மாற்றி அதே மாதிரி ஒரு கணக்கைத் தனியாகப் போட வேண்டும். திரை திறந்திருக்கும்போது புரிந்த மாதிரி தோன்றுவதும், மூடியபின் போட வருவதும் வேறு வேறு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மூன்று மணி நேரமும் பேனாவில்தான். அங்கே யூடியூப் கிடையாது.

சாட்ஜிபிடி மாதிரி செயலிகளுக்கும் இதே முறைதான். "இந்தக் கணக்கைப் போட்டுத் தா" என்று கேட்பதற்குப் பதிலாக, "நான் போட்டது இது, எந்த வரியில் தவறு என்று மட்டும் சொல், விடை சொல்லாதே" என்று கேட்கப் பழக்குங்கள். அதுவும் சில சமயம் தவறாகச் சொல்லும், தவறையும் வெகு தைரியமாகச் சொல்லும். பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது ப்ராஜெக்ட். அதைப் பற்றிப் பேசினால் இங்கே சில தாய்மார் சிரிக்கிறீர்கள், காரணம் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு "அம்மா, நாளைக்குக் கொண்டு போகணும்" என்று வரும். ஜெராக்ஸ் கடையில் போய் நின்றால் கடைக்காரரே இணையத்தில் எடுத்து, கலர் படத்தோடு பத்துப் பக்கம் பிரின்ட் போட்டுத் தருகிறார். பிள்ளை பெயர் எழுதுவதோடு சரி. அந்தப் பத்துப் பக்கத்துக்கு முழு மார்க் போடும் ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு, மன்னிக்கணும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றிய ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். பறளியாற்றுக்கு மேலே 28 தூண்கள், உயரம் 115 அடி, அதன் மேல் தண்ணீர் போகும் தொட்டி 7 அடி உயரம், 7½ அடி அகலம். இந்த வரிகளை அப்படியே எடுத்து ஒட்டினால் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. அதே எண்களை எக்செல் போன்ற அட்டவணையில் போடச் சொல்லுங்கள். 115-ஐ 0.3048-ஆல் பெருக்கினால் 35 மீட்டர். தொட்டியின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால் 52½ சதுர அடி. நிறைந்து ஓடினால் ஒரு அடி நீளத்தில் 52½ கன அடி தண்ணீர். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டருக்குச் சற்று அதிகம், ஆகவே ஏறக்குறைய 1,487 லிட்டர். ஒரே ஒரு அடி நீளத்துக்கு! நம் மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் ஏறக்குறைய ஒன்றரை, அந்த ஒரு அடிக்குள் அடங்கிவிடும். இப்படிக் கணக்குப் போட்ட பிள்ளைக்கு அந்தப் பாலம் மறக்காது, அளவைப் பாடமும் மறக்காது. நீளம் எவ்வளவு என்று தேடினால் ஒரு தளம் ஒன்றும் இன்னொரு தளம் வேறொன்றும் சொல்லும். ஏன் வேறுபடுகிறது என்று எழுதினாலே அரைப் பக்கம் சொந்தமாக வந்துவிடும். சோதிப்பதும் எளிது. பேப்பரை வாங்கி மூடிவைத்துவிட்டு, "மக்களே, இந்த 1,487 எப்பிடி வந்துன்னு சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள். நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை முழிக்கிறதா, சொல்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

தமிழ் தட்டச்சு பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறையில், பிள்ளை அரைகுறையாகத் தட்டினாலும் சரியான சொல்லைத் திரை நீட்டிவிடும். ழகரமா ளகரமா, றகரமா ரகரமா என்று யோசிக்கும் வேலையே இல்லை. தமிழ்க் கட்டுரையை முதலில் கையால் எழுதட்டும். தட்டச்சு கற்பதென்றால் தமிழ்99 விசைப்பலகையில் கற்கட்டும். அதில் உயிரும் மெய்யும் தனித்தனி விசை, ழ-வுக்கு ழ-வைத்தான் தொட வேண்டும்.

வீட்டில் எங்கே வைப்பது? வாசல் அறையில், திரை ஆள் நடமாடும் பக்கம் தெரியும்படி. படுக்கையறை வேண்டாம். மெத்தைமேல் லேப்டாப் வைத்தால் அடியில் காற்றுப் போகும் துளை அடைபட்டுச் சூடேறி, வேகம் குறைந்து நிற்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் சின்னப் பிள்ளைக்குக் கால் தொங்கும், கீழே ஒரு பலகை போடுங்கள். திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து வெளியே இருக்கும் தென்னையைப் பார்க்கட்டும்.

புதிது வாங்கியாக வேண்டும் என்றில்லை. 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப் பல வீடுகளில் அக்காவோ அண்ணனோ விட்டுப்போனபடி அலமாரிமேல் கிடக்கிறது. பேட்டரி போயிருக்கும், சார்ஜரில் போட்டால் ஓடும். பாடநூல்களின் பிடிஎஃப் திறக்கவும், அட்டவணை போடவும் அது தாராளம். பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடுக்கு அப்பா அம்மாவின் போன் போதும், பார்த்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன்னே போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், நாங்கள் வீட்டில் இல்லாதபோது யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். ஆளில்லாத நேரத்துக்குப் பூட்டுத்தான் ஆள். லேப்டாப்பில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு (யூசர் அக்கவுன்ட்) திறந்து, நிர்வாகி (அட்மின்) உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக வையுங்கள். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும், பிள்ளையின் பிறந்தநாளை வைக்காதீர்கள், முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி இருந்தால், பிள்ளையின் கணக்குக்கு நேர வரம்பும் குறிக்கலாம். யூடியூபில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். பாதி நேரம் போவது அந்த ஒரு பொத்தானால்.

மழைக்காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஐப்பசி சாயங்கால இடி மின்னலுக்கு பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, இணைய வயரையும் பிடுங்க வேண்டும், அந்த வழியாகவும் மின்னல் வரும். மேசைக் கம்ப்யூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால், கரன்ட் போனதும் சேமித்துவிட்டு அணைக்க அவகாசம் கிடைக்கும். யுபிஎஸ் ஓட்டத்திலேயே வேலையைத் தொடரக் கூடாது. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் யுஎஸ்பி துளைகள் துருப்பிடிக்கும். அணைத்து, சூடு ஆறியபின் துணி போட்டு மூடுங்கள். ப்ராஜெக்டை பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

லேப்டாப் கொண்டுவந்திருப்பவர்கள் வலது பக்க மேசைக்கு வாருங்கள். தனிக் கணக்கு திறப்பதை உங்கள் கையாலேயே செய்து பார்த்துவிட்டுப் போகலாம். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும், கடவுச்சொல் போடும்போது எட்டிப் பார்க்கிறார்கள்.